சிதம்பரத்துக்குப் போன பதினான்கு கவுன்கள்

எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. எழுதியது நான். துணியை நனைத்துக் காயவைப்பது, வெட்டுவது, தைப்பது, லேஸ், பட்டன், துவைப்பது, நீலமும் கஞ்சியும், காயவைப்பது, இஸ்திரி. மொத்தம் ஒன்பது வரிகள். எட்டாவது வரிக்கு எதிரே அம்மா பென்சிலால் 'வெயில் வந்தா' என்று எழுதியிருந்தாள். அது பட்டியலின் ஒழுங்கைக் கெடுப்பதாக எனக்குத் தோன்றியது. சித்திரை மாதத்தில் கடலூரில் வெயில் வருமா என்று யாராவது கேட்பார்களா?

அந்தச் சித்திரையில் கேட்டோம். வங்கக்கடலில் ஏதோ ஒன்று உருவாகி, போகவும் மனமில்லாமல் வரவும் மனமில்லாமல் நின்றுகொண்டது. பலத்த மழை என்று சொல்ல முடியாது. காலையில் தூறும், மதியம் சற்று வலுக்கும், மாலையில் மறுபடி தூறும். வானம் அலுமினியப் பாத்திரத்தின் அடிப்பாகம் மாதிரி இருந்தது. முதுநகர் கடைத்தெருவில் பண்ருட்டிப் பலாப்பழ வண்டிக்காரர் பழங்களுக்குக் குடை பிடித்துவிட்டு, தான் நனைந்துகொண்டு நின்றார். தீப்பெட்டி உரசினால் மருந்து மட்டும் உதிர்ந்தது. வீட்டில் உப்பு ஜாடியைக் கவிழ்த்தால் உப்பு விழாமல் ஜாடியே யோசித்தது.

இதெல்லாம் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளக்கூடிய விஷயங்கள்தான். எங்கள் கூடத்தில் கஞ்சி போட்ட பதினான்கு வெள்ளைக் கவுன்கள் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருக்காவிட்டால்.

கவுன்கள் எங்கள் பங்குக் கோயிலில் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, வாங்கவிருந்த பதினான்கு பெண் குழந்தைகளுக்கானவை. அம்மா தையல்காரி. வருடா வருடம் இந்தச் சமயத்தில் கவுன்கள் எங்கள் வீட்டுக்குச் சரிசெய்ய வரும். போன வருடம் வந்ததில் ஒன்று சென்னையிலிருந்து வாங்கிவந்தது. அதன் அகலத்துக்கு ஒரு பெஞ்சில் பக்கத்தில் வேறு யாரும் உட்கார முடியாது. இன்னொன்று ஒரு குழந்தையின் அக்கா போட்டு, சித்தி மகள் போட்டு, இவளுக்கு வந்தது. பூசை முழுக்க அந்தக் குழந்தை தோளைத் தோளை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தது. இரண்டையும் அம்மாதான் சரிசெய்து கொடுத்திருந்தாள். அதனால்தானோ என்னவோ, இந்தத் தவக்காலத்தில் நடந்த பங்குக் கூட்டத்தில், வழக்கமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்கும் அம்மா எழுந்து நின்றாள்.

"ஃபாதர், இந்த வருஷம் எல்லாப் பொண்ணுங்களுக்கும் ஒரே துணி, ஒரே லேஸு, ஒரே தையல். நானே தெச்சித் தர்றேன்."

துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர் ஒருவர் எங்கள் பங்கில் இருக்கிறார். அவருடைய மகளும் அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தி. அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏன்க்கா, எல்லாம் ஒரே மாதிரின்னா ஸ்கூல் யூனிஃபார்ம் ஆயிடாது?"

"யூனிஃபார்ம் போட்டுக்கினுதானண்ணே புள்ளைங்க ஒண்ணா குந்திப் படிக்குதுங்க."

ஃபாதர் சிரித்துவிட்டார். அதோடு தீர்மானம் ஆகிவிட்டது. ஐஸ் கம்பெனிக்காரர் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார். "சனிக்கெழம சாயந்திரம் நல்லா காஞ்ச துணியா கைக்கு வந்துடணும். ஈரத்தப் போட்டுக்கினு எம்பொண்ணு தும்மிக்கினு நிக்கக் கூடாது. எதுக்கும் நான் ஒண்ணு வாங்கி வச்சிடறேன்."

"சித்திரையில ஈரத்துக்கு நான் எங்கண்ணே போவேன்" என்றாள் அம்மா.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் முகத்தில் சிரிப்பில்லை. அவர் மகள் வேறு கவுனில் வந்துவிட்டால் அடுத்த வருடம் எல்லோரும் பழையபடி கடைக்கு ஓடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பதிமூன்று பேர் ஒரே மாதிரி வந்தால், அந்தப் பதிமூன்று பேரும் ஏழைகள் என்று ஆகிவிடும். பதினான்கும் வந்தால்தான் ஒரே மாதிரி.

அப்பா கப்பலில் வேலை பார்க்கிறார். அதனால் வீட்டில் நானும் அம்மாவும்தான். நான் வேலை பார்ப்பது சிதம்பரத்தில், ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். கிணறு, போர், கேன் தண்ணீர் என்று எது வந்தாலும் அதன் உப்பு, கலங்கல், நிறம் எல்லாவற்றையும் அளந்து அறிக்கை கொடுப்பது என் வேலை. அளப்பதும் வரிசைப்படுத்துவதும் எனக்குப் பிடிக்கும். அதனால் அம்மாவின் பதினான்கு கவுன்களுக்கு நானாகவே மேற்பார்வையாளர் ஆகிவிட்டேன். துணியை முதல் தடவை நனைத்துக் காயவைக்கும்வரை வெயில் இருந்தது. வெட்டத் தொடங்கிய அன்று மழை பிடித்தது. நாள் குறைவாக இருந்ததால் தேவையில்லாததைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். அதில் ஒன்று பாக்கெட். ஒவ்வொரு கவுனுக்கும் பக்கத் தையலில் கைக்குட்டை வைக்க ஒரு சின்ன பாக்கெட் வேண்டும் என்பது அம்மாவின் எண்ணம்.

"பதினாலு பாக்கெட்டுக்கு ஒரு நாள் போயிடும்மா. யாரும் பாக்கப் போறதில்ல."

"சரி, எடுத்துடு" என்றாள் அம்மா. நான் அடித்துவிட்டேன்.

புதன்கிழமை கவுன்கள் தைத்து முடிந்து துவைப்புக்கு வந்தன. நான் லீவு போட்டேன். நீலம் போடுவதை நான் எடுத்துக்கொண்டேன். அம்மா எப்போதும் கண் அளவாக ஊற்றுவாள். நான் ஒரு வாளித் தண்ணீருக்கு இத்தனை சொட்டு என்று கணக்கு வைத்தேன். முதல் கவுனை அலசிப் பிழிந்து, இஸ்திரிப் பெட்டியால் ஒரு மூலையை மட்டும் காயவைத்துப் பார்த்தேன். மங்கலான மஞ்சளாகத் தெரிந்தது.

"பத்தலம்மா."

"எப்பவும் போடற அளவுதான் இது."

"நீயே பாரு. மஞ்சளா இல்ல?"

அம்மா துணியை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். "இருக்கற மாதிரிதான் தெரியிது" என்றாள், அரை மனதாக. சொட்டுகளை இரண்டு மடங்காக்கினேன். பிறகு இன்னும் கொஞ்சம். அப்போதுதான் துணி பளிச்சென்று வெளுப்பாகத் தெரிந்தது. அளவைக் குறித்துக்கொண்டு பதினான்குக்கும் ஒரே அளவாகப் போட்டேன். திருப்தியாக இருந்தது. ஏழாவது வரிக்குப் பக்கத்தில் டிக் அடித்தேன்.

வியாழக்கிழமை காலையில் கவுன்களைத் தொட்டுப் பார்த்தால், தொங்கவிட்டபோது இருந்த ஈரம் அப்படியே இருந்தது. கூடத்தில் இரண்டு மின்விசிறிகள் இரவு முழுக்க ஓடியும் பயனில்லை. சாரல் அடிப்பதால் ஜன்னல்களை மூடிவைத்திருந்தோம். கஞ்சி லேசாகப் புளித்த வாசனை வர ஆரம்பித்திருந்தது. மெஷினில் உலர்த்தித் தரும் சலவைக் கடைக்குப் போன் செய்தேன். கஞ்சித் துணி எடுப்பதில்லை என்றார்கள். கஞ்சி போட்ட துண்டுத் துணி ஒன்றை ஈரத்தோடு இஸ்திரி போட்டுப் பார்த்தோம். கஞ்சி கருகிப் பழுப்பாக ஒரு கறை விழுந்தது. அம்மா அந்தத் துண்டை மடித்து யார் கண்ணிலும் படாமல் தையல் மிஷினுக்கு அடியில் வைத்தாள்.

அன்று மதியம் சிதம்பரத்தில், பரிசோதனைக் கூடத்தின் படிக்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என் டிபன் பாக்ஸ் மூடி கண்ணைக் கூசச் செய்தது. வெயில். நான் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அங்க எப்படி இருக்கு?"

"எப்படி இருக்கும். ஊத்திக்கினு இருக்குது."

கூடவே வேலை பார்க்கும் தோழி அண்ணாகிராமம் பக்கத்துப் பெண். வீட்டில் முந்திரித் தோப்பு. மழையில் பூவும் பிஞ்சும் கருகிக்கொண்டிருந்ததால் அவளும் என் அளவுக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள்தான். "நேத்துலேர்ந்து இங்க பதினொரு மணிக்கு வருது, மூணு மணிக்குப் போவுது. நம்ம சார் மாதிரியே" என்றாள்.

அந்த நான்கு மணி நேரம் என் தலைக்குள் பட்டியலாக மாறியது. மழை இருக்கும் ஊரிலிருந்து வெயில் இருக்கும் ஊருக்கு ஒன்றரை மணி நேரம் பஸ். வெயில் கடலூருக்கு வரவில்லையென்றால் கவுன்கள் சிதம்பரத்துக்குப் போகலாம். சாரிடம் மாடியைக் கேட்டேன்.

"மூணு மணிக்குள்ள ரிப்போர்ட் போயிடணும். மத்தபடி மாடியில நீங்க துணி காய வச்சாலும் சரி, கருவாடு காய வச்சாலும் சரி" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பெரிய பிளாஸ்டிக் கூடைகளில் பழைய போர்வையை விரித்து, கவுன்களை அதற்குள் வைத்து மூடி, பஸ் ஏறினேன். அம்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூடைகளைப் பார்த்து கண்டக்டர் நின்றார்.

"என்னாம்மா, மீன் கூடையா?"

"கவுனுங்கண்ணே. ஈரம். காயவைக்க எடுத்துட்டுப் போறேன்."

அவர் போர்வையை விலக்கிப் பார்த்தார். "ஏன், ஒங்க ஊட்டுல கொடி இல்லியா?"

"கொடி இருக்கு. வெயில் இல்ல."

"கீழ சொட்டாமப் பாத்துக்க. மேல ஏற்கெனவே ஒழுவுது" என்று கூரையைக் காட்டிவிட்டு முன்னால் போனார்.

ஆலப்பாக்கத்தில் மழை. புதுச்சத்திரத்தில் மழை. பி.முட்லூரில் கண்டக்டரே என் பக்கம் வந்து குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "எனக்கென்னமோ டவுட்டாத்தான் இருக்குது" என்றார். வெள்ளாற்றுப் பாலத்தில் தூறல் நின்றது. சிதம்பரத்தில் இறங்கும்போது சாலை ஈரமாக இருந்தாலும் மேகத்துக்குப் பின்னால் ஒரு வெளிச்சம் தெரிந்தது. கண்டக்டர் கூடையை இறக்கிக் கொடுத்து, "சாயந்திரம் காஞ்சிதான்னு சொல்லிட்டுப் போ" என்றார்.

மாடியில் தண்ணீர்த் தொட்டிக் காலுக்கும் கைப்பிடிச் சுவர்க் கம்பிக்கும் நடுவே நான்கு கயிறுகள் கட்டினோம். தூரத்தில் கோபுரங்கள் மங்கலாகத் தெரிந்தன. பதினொரு மணிக்கு, தோழி சொன்னபடியே, மேகம் விலகியது. பத்து நாட்களாக நான் காத்திருந்த வெயில் அந்தப் பதினான்கு கவுன்கள்மேல் முழுசாக விழுந்தது.

கவுன்கள் நீலமாக இருந்தன.

லேசான நீலம் என்று என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. வானத்தில் இல்லாத நீலம் அத்தனையும் கொடியில் இருந்தது. ஈரம் வடிந்து இறங்கிய கீழ் மடிப்பில் இன்னும் அழுத்தமாக இருந்தது.

தோழி இடுப்பில் கைவைத்து நின்றாள். "நல்லாத்தான்டி இருக்குது. மாதாவுக்கு நீலம்தானே புடிக்கும்?"

நான் ஒரு கவுனின் மடிப்பை வெயிலில் புரட்டிப் பார்த்தேன். என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டிருந்தது. டியூப்லைட் கண்ணைக் கூசுகிறது என்று சொல்லி அப்பா எங்கள் கூடத்தில் மஞ்சள் பல்புதான் போட்டுவைத்திருக்கிறார். சாரலுக்காக ஜன்னல்களைச் சாத்தி, பகலெல்லாம் அந்த பல்பின் கீழ் நின்று வெள்ளை எது என்று நான் முடிவு செய்திருந்தேன். அந்த வெளிச்சத்தில் வெள்ளை மஞ்சளாகத் தெரியும். நீலம் வெள்ளையாகத் தெரியும். பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரின் நிறத்தைப் பார்க்கும்போது மாதிரியை வடக்கு ஜன்னலுக்குக் கொண்டுபோவோம், விளக்கின் கீழே ஒருநாளும் பார்க்கமாட்டோம். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். தோழிக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவள் அதை மறக்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"மேடம்," என்றாள், "சாம்பிள எந்த வெளிச்சத்துல பாத்தீங்க?"

"அலசணும். தொட்டியில தண்ணி இருக்கா?"

"இருக்குது. ரிப்போர்ட்ட நான் பாத்துக்கறேன். நீ அலசு. நடுவுல வந்து பாக்கறேன்."

முதல் அலசலில் தண்ணீர் மை மாதிரி ஆனது. இரண்டாவதில் வெளிர்நீலம். மூன்றாவதில் எலுமிச்சம்பழம் இரண்டு பிழிந்தேன். ஒவ்வொரு அலசலுக்குப் பிறகும் தோழி மாடிக்கு வந்து அந்தத் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்துக்கொண்டு போய், வடக்கு ஜன்னலில் வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் பார்த்து, கீழேயிருந்து முடிவைக் கத்தினாள். "இன்னும் இருக்குது." "இன்னும் ஒண்ணு." ஐந்தாவது தடவை, "குடிக்கலாம்."

கவுன்கள் வெளுத்துவிட்டன. ஆனால் நீலத்தோடு கஞ்சியும் போய்விட்டது. கையில் துவண்டு விழுந்த துணியைப் பார்த்தால் கவுன் மாதிரியே இல்லை. பின்பக்கத் தெருவில் ஒரு மெஸ் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குச் சோறு வடிக்கும் நேரம். வாளியோடு போய் நின்றேன். மெஸ் நடத்தும் அக்கா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கஞ்சியா? குடிக்கவா, போடவா?"

"போடத்தான்க்கா. பதினாலு கவுனுக்கு."

"கல்யாணமா?"

"இல்ல. புதுநன்மை. எங்க கோயில்ல சின்னப் புள்ளைங்க மொதமொதல்ல நன்மை வாங்கறது."

"எத்தினி வயசு புள்ளைங்க?"

"ஒம்பது, பத்து."

"அப்ப கெட்டியா வேணாம். கழுத்துல அறுக்கும்" என்று சொல்லி, வெந்நீர் விட்டு விளாவி, துணியில் வடிகட்டி ஊற்றிக் கொடுத்தார். அம்மா இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பாள்.

பன்னிரண்டரைக்குக் கொடியில் மறுபடி ஏற்றினோம். இரண்டு மணிக்குள் கவுன்கள் காகிதம் மாதிரி சலசலக்க ஆரம்பித்தன. இரண்டரைக்குக் கிழக்கில் மேகம் ஏறியது. நானும் தோழியும் ஓடிப்போய் எடுத்தோம். படியேறி வந்த சாரும் எதுவும் கேட்காமல் கையை நீட்டி நான்கை வாங்கிக்கொண்டார். பதிமூன்று நன்றாகக் காய்ந்திருந்தன. பதினான்காவதில் இடுப்புப் பட்டை மட்டும் ஜில்லென்றிருந்தது. உயரமான பெண் என்பதால் அதற்கு மட்டும் அம்மா உள்துணி இரண்டு மடங்காக வைத்திருந்தாள். அது ஐஸ் கம்பெனிக்காரர் மகளுடையது.

கவுன்களை மடிக்கும்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். ஒவ்வொன்றின் பக்கத் தையலிலும் ஒரு பாக்கெட் இருந்தது. ஈரமாக இருந்தபோது துணியோடு ஒட்டிக்கொண்டு என் கண்ணில் படவில்லை. பட்டியலில் நான் அடித்துவிட்ட பதினான்கு பாக்கெட்டுகளையும் அம்மா எனக்குத் தெரியாமல், நான் வேலைக்குப் போன நேரத்தில் வைத்துத் தைத்திருந்தாள்.

மாலையில் ஊருக்குத் திரும்பும்போது ஒரு வெள்ளை பல்பு வாங்கினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கூடையை வைத்துவிட்டு ஸ்டூல் போட்டு பல்பை மாற்றினேன். அம்மா கேள்வியாகப் பார்த்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் கடைசிவரைக்கும் கேட்டாள்.

"எப்பவும் போடற அளவுன்னு சொன்னேன்ல."

"சொன்ன."

"பாக்கெட்ட பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப ரெண்டுக்கும் சரியாப் போச்சு. கையக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

சனிக்கிழமை அந்த இடுப்புப் பட்டையை மட்டும் மூன்று தடவை, மெல்லிய துணி போட்டு, கருகாமல் இஸ்திரி செய்தோம். மாலையில் பெற்றோர் ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஐஸ் கம்பெனிக்காரர் கடைசியாக, மகளோடு, குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். மீன்பிடித் தடைக்காலம், ஐஸும் ஓடவில்லை. அவசரம் எதுவும் இல்லாத மனிதராக நாற்காலியில் உட்கார்ந்தார்.

அம்மா கவுனைக் கொடுத்தாள். அவர் கழுத்தைத் தொட்டார். கீழ் மடிப்பைத் தொட்டார். பிறகு, நான் பயந்தபடியே, இடுப்புப் பட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். ஈரத்தைக் கை ஏமாற்றும், கன்னம் ஏமாற்றாது. அதுவும் நாள் முழுக்க ஐஸோடு இருக்கிறவரின் கன்னம். அம்மா மிஷின் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, எதையும் வெட்டாமல் திரும்ப வைத்தாள்.

"காஞ்சிதான் இருக்குது" என்றார் அவர். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்த மாதிரிகூட எனக்குப் பட்டது. "எப்படிக்கா காய வச்சீங்க?"

"சிதம்பரத்துல" என்றாள் அம்மா.

அவர் அதைப் புரிந்துகொள்ள முயன்றுகொண்டிருந்தபோது அவர் மகள் கவுனை வாங்கித் தன்மேல் வைத்துப் பார்த்தாள். பக்கத் தையலில் அவள் விரல் எதிலோ நுழைந்தது. கையை உள்ளே விட்டாள். எடுத்தாள். மறுபடி விட்டாள்.

"அப்பா, இதுல பாக்கெட் இருக்கு."

"சரி."

"நீங்க வாங்கி வச்ச மெட்ராஸ் கவுன்ல பாக்கெட் இல்லப்பா."

"அதுக்கு?"

"நான் இதத்தான் போடுவேன்."

அவர் மகளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மேலே புது பல்பைப் பார்த்தார். "அத இவ பர்த்டேக்குப் போட்டுக்கட்டும்" என்று எழுந்தார். வாசலில் குடையை விரிக்கும்போது, "அடுத்த வருஷம் இவ தம்பிக்குப் புதுநன்மை. பசங்களுக்குச் சட்டையும் நீங்களே தெச்சிடுங்கக்கா" என்றார்.

"பாக்கலாம்ண்ணே" என்றாள் அம்மா. கதவைச் சாத்தியதும் என் பக்கம் திரும்பி, "பட்டியல் போடு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் மழை. பெண் குழந்தைகள் கோயில் வாசலில் இருக்கும் மாதா கெபியிலிருந்து குடைக்கடியில் இரண்டிரண்டு பேராகக் கோயிலுக்குள் வந்தார்கள். முன்வரிசை பெஞ்சில் பதினான்கு பேரும் இடம் போதுமான அளவுக்கு நெருங்கி உட்கார்ந்தார்கள். பின்னாலிருந்து பார்த்தால் யார் யார் என்று எனக்கே தெரியவில்லை. பிரசங்கம் கொஞ்சம் நீண்டபோது ஒருத்தி கையைப் பாக்கெட்டில் விட்டாள். அதைப் பார்த்து அடுத்தவள். கொஞ்ச நேரத்தில் பதினான்கு கைகளும் பாக்கெட்டில் இருந்தன. அம்மா முக்காட்டைச் சரிசெய்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

பூசை முடிந்து பீடத்துக்கு முன்னால் ஃபோட்டோ எடுக்க நிறுத்தினார்கள். ஃபோட்டோகிராஃபர் கேமராவின் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"வெளிச்சம் பத்தலங்க. வெள்ளையெல்லாம் கொஞ்சம் மஞ்சளடிக்குது. பரவால்ல, கம்ப்யூட்டர்ல போட்டு லேசா நீலம் ஏத்திடறேன்."

"வேணாம்" என்றோம், நானும் அம்மாவும் ஒரே நேரத்தில்.